நேரத்தைப் பின்னால் தள்ளாதே

வருகைப்பதிவு இயந்திரம் அன்று அவள் விரலை ஏற்கவில்லை. ஆட்காட்டி விரலை மூன்று முறை வைத்தாள், மூன்று முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கைக்குட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தபோது வாசல் காவலாளி எட்டிப் பார்த்தார்.

"வீட்டுல எவ்வளவு பாத்திரம்மா தேய்க்கிறே? ரேகையே போயிருச்சு போல."

அவளுக்குப் பதில் எப்போதும் பத்து நிமிடம் கழித்துத்தான் வரும். சிரித்துவைத்தாள். நோட்டில் பெயரை எழுதி, மதியம் இரண்டு மணி என்று குறித்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

ஆஸ்பத்திரியின் கணினி அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. குளிர்சாதனத்தின் ஓயாத இரைச்சலும், சூடேறிய தூசியும் புது வயரும் கலந்த வாசனையும், எப்போதாவது தலைக்கு மேல் தள்ளுவண்டி ஒன்று தடதடவென்று உருண்டு போய்த் தேயும் சத்தமும்தான் அங்கே இருந்தன. சுவரில் ஒரு கடிகாரம். மேசையில் ஒரு தொலைபேசி. அவள் கூச்சத்துக்கு ஏற்ற அறை. வேலைக்குச் சேர்ந்த ஐந்து மாதத்தில் அங்கே யாரும் அவளை அதட்டியதில்லை, ஏனென்றால் யாரும் வருவதில்லை.

மூன்றாம் மாடியில், ஒன்பதாம் படுக்கையில், அக்கா இருந்தாள். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். மறுநாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாலு. தலை வாரிவிட்டது, பள்ளியில் பேச வராமல் நின்றபோதெல்லாம் வந்து பேசியது, எல்லாம் அக்காதான். ஊமைச்சி என்று பெயர் வைத்ததும் அக்காதான்.

மாடியில் ஒவ்வொரு நோயாளியின் விரலிலும் மாட்டியிருந்த கிளிப்பிலிருந்து நாடித்துடிப்பு பத்து விநாடிக்கு ஒரு வரியாக அவள் திரையில் இறங்கிக்கொண்டிருந்தது. வரியின் முதலில் நேரம், பிறகு படுக்கை எண், பிறகு துடிப்பு. அவள் ஒன்பதாம் படுக்கையை மட்டும் திரையில் தனியாக ஒரு ஜன்னலில் திறந்துவைத்திருந்தாள். எழுபத்தாறு. எழுபத்தெட்டு. அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

விசைப்பலகையைத் துடைக்கும்போதுதான் கவனித்தாள். மேல் அம்புக்குறி விசையில் அம்பைக் காணோம். அச்சு தேய்ந்து, பிளாஸ்டிக் பளபளவென்று குழிந்திருந்தது. திங்கட்கிழமைதான் உறை பிரித்த விசைப்பலகை அது.

நாலு மணி தாண்டியதும் வார்டு நர்ஸ் கூப்பிட்டார். மருந்துச் சீட்டில் எல்லாம் ஏழு நிமிடம் கூடுதலாக அச்சாகிறது, டாக்டர் தன்னைத்தான் திட்டுகிறார், உடனே சரிசெய்யச் சொன்னார். அவள் திரையைப் பார்த்தாள். பதிவுகளைச் சேமிக்கும் கணினிப் பெட்டியின் நேரம் 16:12. சுவரில் 4:05.

அந்தப் பெட்டிக்கு வெளி இணைப்பு இல்லை. அதன் கடிகாரம் மெல்ல மெல்ல முன்னே ஓடும், ஆள்தான் திருத்த வேண்டும். அவளுக்கு முன் அங்கே வேலை பார்த்தவர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்: நேரத்தைப் பின்னால் தள்ளாதே. மெதுவாக்கு. காரணம் அவளுக்குத் தெரியும். பின்னால் தள்ளினால் ஏற்கெனவே பதிவான நிமிடங்கள் இரண்டாவது முறை பதிவாகும். கடிகாரத்தின் துடிப்பை நீட்டிவிட்டால், உண்மை நேரம் வந்து பிடிக்கும்வரை அது காத்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொலைபேசியில் நர்ஸ் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

குறுக்குவழி ஒரே வரி. கறுப்புத் திரையில் நேரத்தை மாற்றும் டேட் கட்டளையை அடித்து, அதன் பக்கத்தில் 16:05 என்று அடித்தாள். என்டர்.

நேரம் சரியாகிவிட்டது. நர்ஸ் வைத்துவிட்டார்.

ஒன்பதாம் படுக்கையின் ஜன்னலில் 16:05 மறுபடி தொடங்கியிருந்தது. எழுபத்தாறு, எழுபத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்தைந்து. அவள் பழைய 16:05-க்கு மேலே நகர்த்தினாள். எழுபத்தாறு, எழுபத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்தைந்து. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். ஒரு எண் கூட மாறவில்லை. பழைய பதிவையே பெட்டி மறுபடி ஒப்பிக்கிறது என்று நினைத்து, பழையது எங்கே முடிகிறது என்று பார்க்கக் கீழே போனாள்.

16:09-ல் மூன்று வரிகள் வெறுமையாக இருந்தன, கிளிப்பைக் கழற்றினால் வருவது போல. 16:11-ல் ஐம்பத்தெட்டு. முப்பத்தொன்று. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

படுக்கைக்குத் தொலைபேசி செய்தாள். மணி மூன்று முறை அடித்தது.

"சொல்லுடி ஊமைச்சி. கீழே உனக்கு வேலையே இல்லையா?"

அவள் அக்கா மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேசறதுக்குத்தானே போன்? மூச்சு விடறதுக்கா?" என்றாள் அக்கா.

அவள் போனை நர்ஸிடம் கொடுக்கச் சொன்னாள். துடிப்பு சரியாக வருகிறதா, ஒருமுறை பார்க்க முடியுமா என்று கெஞ்சினாள். நர்ஸ் சலித்துக்கொண்டே கிளிப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

திரையில் மூன்று வரிகள் வெறுமையாக இறங்கியிருந்தன. 16:09.

அவள் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வழக்கம்போல முதல் சொல் வரத் தாமதமாயிற்று. ஐம்பத்தெட்டு. முப்பத்தொன்று. காதில் ஏதோ உலோகத் தட்டு விழும் சத்தம், ஓடும் காலடிகள், யாரோ யாரையோ கூப்பிடும் குரல். பூஜ்யம்.

என்ன செய்கிறோம் என்று நினைக்கவில்லை. விரல் தானாகப் போயிற்று. மேல் அம்பு, முன்பு அடித்த வரி திரும்பி வந்தது. என்டர்.

காதில் தொலைபேசியின் ரீங்காரம் மட்டும். சுவரில் 4:05.

மறுபடி அழைத்தாள். மணி மூன்று முறை அடித்தது. "சொல்லுடி ஊமைச்சி. கீழே உனக்கு வேலையே இல்லையா?"

இந்த முறை டாக்டரைக் கேட்டாள். அவர் ஆபரேஷன் அறையில் இருந்தார். அடுத்த முறை அழுது கேட்டாள், வேறொரு டாக்டர் வந்தார், வந்து அக்காவின் கையைத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. ஒருமுறை மூன்று மாடியும் படியில் ஓடி ஏறினாள். அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றாள். பிடித்த கைக்குள்ளேயே நடந்தது. அந்தக் கை கனப்பதை உணர்ந்தாள். பிறகு அத்தனை படிகளும் இறங்கி வந்து, அம்பை அழுத்தினாள்.

4:05.

எத்தனை முறை என்று எண்ணுவதை எங்கோ விட்டுவிட்டாள். பசிக்கவில்லை. தாகமில்லை. ஒருமுறை விரல் நுனி எரிந்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது, சோப்புத் துண்டு போல. ஒரு ரேகை கூட இல்லை.

காவலாளி அதைச் சொன்னது மதியம் இரண்டு மணிக்கு, இதெல்லாம் தொடங்கும் முன்பே.

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அம்பு. என்டர்.

தொலைபேசி அவள் எடுக்கும் முன்பே அடித்தது.

"கையைப் பிடிச்சுட்டு இருந்தியே" என்றாள் அக்கா. "எங்கடி கை?"

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீதானே இதைச் செய்யறே?"

"அக்கா, கொஞ்ச நேரம். ஏதாவது வழி இருக்கும்க்கா."

"ஒவ்வொரு தடவையும் வலிக்குதுடி." அக்காவின் குரலில் கோபம் இல்லை. தலை வாரும்போது சிக்கு எடுக்கும் குரல்தான். "முதல் தடவை இவ்வளவு வலிக்கல. என்னை விட்டுரு."

"என்னால முடியாதுக்கா."

"தெரியும். நீ எப்பவும் இப்படித்தான்."

16:10.

பின்னால் தள்ளினால் வலிக்கிறது. அப்படியென்றால் பின்னால் தள்ளக் கூடாது. அவள் தலையைத் திருப்பினாள். தாள் அங்கேயே இருந்தது. அதன் கடைசிச் சொல்லை இத்தனை முறையும் நினைத்துப் பார்க்கவே இல்லை.

மெதுவாக்கு.

கடிகாரத்தின் துடிப்பை நீட்டும் கட்டளையை அடித்தாள். எவ்வளவு நீட்ட வேண்டும் என்று அது கேட்டது. எண் போட்டாள். போதாது என்று தோன்றியது. பூஜ்யங்கள் சேர்த்தாள். வரி முடியும்வரை சேர்த்தாள்.

16:11. ஐம்பத்தெட்டு.

"ஊமைச்சி" என்றாள் அக்கா. "வேணாம். விடு. வி—"

என்டர்.

சுவரில் விநாடி முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றது. நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர்சாதனத்தின் இரைச்சல் தாழ்ந்து, தாழ்ந்து, தரை அதிர்வது போல ஆயிற்று. திரையில் அடுத்த வரி வரவில்லை. முப்பத்தொன்று வரவில்லை. பூஜ்யம் வரவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கத் தொடங்கினாள். அந்த நினைப்பு முடியவில்லை.

விரலை எடுக்கப் பார்த்தாள். விரல் என்டர் விசையின் மேல் இருந்தது. எழும்பவில்லை. கண்ணை மூடப் பார்த்தாள். இமை இறங்கத் தொடங்கியிருந்தது.

காதோடு ஒட்டியிருந்த தொலைபேசியில் அக்கா அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் முதல் எழுத்து மெல்லிய கம்பி போல நீண்டுகொண்டே போயிற்று. வலியில் நடுங்கியது. உடையவில்லை. இரண்டாவது எழுத்து வரவில்லை.

வரவில்லை.