நான்காம் மாடி ஈக்கள்

நாமக்கல்லில் மிச்சமிருந்த பச்சை ஈக்கள் அனைத்தும் அந்த மருத்துவமனையின் நான்காம் மாடியில், ஒரே அறைக்குள் இருந்தன. ஈக்கூடம் என்று பெயர். இரண்டு கதவுகள், நடுவே ஆளையே தள்ளாட வைக்கும் காற்றுத்திரை. மற்ற ஊர்களின் ஈக்கூடங்கள் ஒவ்வொன்றாக அழிந்த பிறகு, சென்னைக்கும் மதுரைக்கும்கூட இங்கிருந்துதான் ஈ முட்டைகள் போயின.

முட்டைகள் புண்ணுக்காக. கோழித் தீவனத்திலும் மனிதர் வயிற்றிலும் மருந்தைக் கொட்டிக் கொட்டி, எந்த மருந்துக்கும் கிருமி சாகாத காலம் வந்திருந்தது. புழுக்கட்டு ஒன்றுதான் மிச்சம். சுத்தம் செய்த முட்டைகளிலிருந்து பொரித்த புழுக்களைப் புண்ணில் விட்டு, மெல்லிய துணியால் மூடுவார்கள். புழு தன் எச்சிலால் செத்த சதையைக் கரைத்துக் குடிக்கும். உயிருள்ள சதையை விட்டுவிடும். எந்தக் கத்திக்கும் அந்த நிதானம் வராது.

அதே மாடியில் படுத்திருந்த திலகவதியின் இடது பாதத்தில் இரண்டு கட்டுகள் முடிந்திருந்தன. சர்க்கரை நோய். குதிகால் சிவந்து துளிர்த்துவிட்டது. கணுக்காலில் மட்டும் கருப்பு நின்றது. இன்று மூன்றாவது கட்டு.

நர்ஸ் பிலோமினா வெறுங்கையோடு வந்தாள்.

"மேடம், கூட்டுப்புழு ஒண்ணுகூட ஒடையல. நேத்தே ஈ வெளிய வந்திருக்கணும்."

"பழைய ஈக்கள்?"

"முட்டை போடுறத நிறுத்திருச்சுங்க. பாதி செத்தே போச்சு."

"அந்தக் கூட்டுப்புழுப் பெட்டிய எடுத்துட்டு வா."

கட்டிலருகே ஸ்டூலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து நிமிர்ந்தார். கோழிப்பண்ணைக்காரர். வாரம் தவறாமல் திலகவதியைப் பார்க்க வருபவர்.

பெட்டிக்குள் கோதுமை மணிகளைப் போலக் கூட்டுப்புழுக்கள் கிடந்தன. திலகவதி ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். ஓட்டுக்குள் ஈ இல்லை. அது இருந்த இடத்தில் கருகிய சக்கை. அதன்மேல், சிவப்புக் கண்ணோடு, வெள்ளையாக வேறொன்று படுத்திருந்தது.

"அட, நம்ம குளவியாட்டம் இருக்குதுங்க அம்மணி!" என்றார் நாச்சிமுத்து.

நம்ம குளவிதான். அதை உருவாக்கியவளே திலகவதி. ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே முட்டையிடும் கடுகளவுக் குளவிகள் எப்போதும் இருந்தன. குளவியின் குஞ்சு ஈயைத் தின்று வளரும். ஓடு மட்டும் வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் இரை அருகிவிட்டால் இயற்கைக் குளவி சலித்துப்போய் இடம் மாறிவிடும். அதனால்தான் ஈ இனம் பிழைத்தது. அந்தச் சலிப்பைத்தான் திலகவதி எடுத்துவிட்டாள். ஓயாக்குளவி, கடைசி ஈ வரை தேடும். எந்த ஈ என்றும் பார்க்காது.

குளவி உறங்கும் கூட்டுப்புழுக்களை அட்டையில் ஒட்டிப் பண்ணைகளில் தொங்கவிட்டார்கள். முதல் அட்டை நாச்சிமுத்துவின் பண்ணையில். கோழி எருவின் மேல் கரும்போர்வையாகக் கிடந்த ஈக்கூட்டம் மறைந்தது. பிறகு ஊரே கொண்டாடியது. புதுவீட்டு நிலையில் மாவிலைக்குப் பக்கத்தில் இப்போதும் குளவி அட்டை தொங்கும்.

ஓயாக்குளவியால் உயரப் பறக்க மட்டும் முடியாது. தரையோடு தத்தித்தான் போகும். ஈக்கூடத்தை நான்காம் மாடியில் வைக்கச் சொன்னது அவள்தான்.

"இது தானா மாடி ஏறாதே," என்றாள் திலகவதி.

"ஏறலீங்க, நாந்தான் கொண்டாந்தேன்." நாச்சிமுத்து குனிந்து மெத்தைக்கடியிலிருந்து ஓர் அட்டையை உருவினார். அதன் ஓடுகளில் குளவிகள் வெளியேறிய வட்டமான துளைகள். "நீங்க வந்த அன்னிக்கே வெச்சுட்டனுங்க. காய்ச்சல்ல நீங்க கண்ணே முழிக்கல. எங்கப்பன் புண்ணுல ஈ மொய்ச்சுப் புழு வெச்சுத்தானுங்க செத்தாரு. அம்மணிக்கு அந்த கதி வரலாமுங்களா?"

"வாசல்ல போர்டு வெச்சிருக்கோமே ஐயா! அட்டை கொண்டு வரக் கூடாதுன்னு!" என்றாள் பிலோமினா.

"இருந்துச்சு கண்ணு. அம்மணி குளவிய அம்மணிகிட்டயே கொண்டுபோறேன்னேன். வாட்ச்மேன் கும்பிடு போட்டு லிப்ட்ட தொறந்து விட்டாரு."

பிலோமினா தன் சட்டைக் கை மடிப்பைப் பார்த்தாள். இந்தக் கட்டிலிலிருந்து ஈக்கூடத்துக்குத் தினமும் போய் வந்தவள் அவள். மடிப்புக்குள் ஒளிந்த குளவி வரை காற்றுத்திரை நுழையாது.

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த நாச்சிமுத்துவுக்கு மெல்லப் புரிந்தது. உரித்த ஆரஞ்சு கையிலேயே நசுங்கியது.

"அய்யோ, என்ன காரியம் பண்ணிப்புட்டேன்... இத்தனை பெரிய ஊருல ஒரு ஈகூடவா இருக்காது? நான் தேடிக் கொண்டாறனுங்க."

"கிடைக்காதுங்க," என்றாள் திலகவதி. "நான் எதையும் அரைகுறையா செய்யல."

மாலையில் அறுவை மருத்துவர் வந்து, அவள் முழங்காலுக்கு மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். அறுத்த இடம் சீழ் வைத்தால் போட இனிப் புழுக்கட்டும் இல்லை. பிலோமினா மதுரைக்குப் போன் செய்யப் போனாள். அங்கே முட்டைக்காக ஒரு வார்டே காத்திருந்தது.

நாச்சிமுத்து வீட்டுக்குப் போகவில்லை. கோழி ஒன்றை அறுத்து, மருத்துவமனை மதிலோரம் வாழையிலையில் திறந்து வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளில் கறி பச்சை பூத்து நாறியது. வருவோர் போவோர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் திட்டினார்கள். அவர் எழவில்லை. இலையைச் சுற்றிக் கடுகளவு குளவிகள் மட்டும் தத்தித் தத்தி வந்து, உணர்கொம்புகளால் மண்ணைத் தட்டித் தட்டி, இன்னும் தேடிக்கொண்டிருந்தன.