நிலவறைக்குப் போன சூடு

நிலவறையின் காற்றைவிட, அங்கிருந்து திரும்பி வந்த தண்ணீர் குளிர்ந்திருந்தது.

ஆர்னே அதை முதலில் கவனித்தபோது சிரித்துக்கொண்டான். கீழே சுவரில் தொங்கிய வெப்பமானி பத்து டிகிரி காட்டியது. மாடியில் அவன் கம்ப்யூட்டரில் விளையாட்டுக் காட்சிகளை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டின் சூட்டையெல்லாம் சுமந்துகொண்டு கீழே போய், அங்கே ரேடியேட்டரில் ஆறி, மறுபடி மேலே ஏறி வந்த தண்ணீரோ ஆறு டிகிரி. நடக்காத காரியம். ரேடியேட்டர் என்ன ஐஸ் பெட்டியா? மேசையில் வைத்து மறந்த காபி அறையின் சூட்டுக்கு இறங்கி வரும், அதற்குக் கீழே ஒரு பொட்டு இறங்காது.

“சென்சார் செத்துப்போச்சுடா, வேற மாட்டு” என்றான் மால்ட்டே, ஹெட்போனுக்குள்ளிருந்து. ஆர்னேவுடன் வருஷக்கணக்காக விளையாடுகிறவன், இதே கிறுக்குப் பிடித்தவன். ஆர்னே வேறு மாட்டினான். அது ஐந்து என்றது.

கம்ப்யூட்டரின் சத்தத்தை அடக்குகிற அந்தக் கிறுக்கு லேசானதல்ல. ஈடா பிறக்கும் வரை அவனுக்கும் அது இல்லை. ஹார்ஸ் மலையில் அந்தப் பழைய மரவீட்டின் மாடியில் அவர்களுக்கு இருந்தது ஒரு பெரிய அறையும் சமையலறையும்தான். கட்டிலும் குழந்தையின் தொட்டிலும் அவனுடைய கம்ப்யூட்டரும் ஒரே அறையில். ஸ்வென்யா வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் விடுப்பு இப்போது ஆர்னேவுடையது. ஈடா தூங்குகிற நேரம்தான் அவன் விளையாடுகிற நேரம். ஆனால் விளையாட்டு சூடு பிடித்ததும் கார்டின் மூன்று விசிறிகளும் மிக்ஸி மாதிரி அலறும், தொட்டிலில் அழுகை கிளம்பும்.

முதலில் கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் விசிறிகளையும் கழற்றி எறிந்தான். சூடு கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவினான். பெட்டியில் மாட்டும் பெரிய விசிறிகள் இரண்டை வெற்றுத் தகடுகளின்மேல் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி மெதுவாகச் சுழல விட்டான். அலறல் போனது. அது போனதும், அதன் அடியில் இத்தனை நாள் ஒளிந்திருந்த ஹார்டு டிஸ்கின் கரகரப்பு கேட்டது. அதையும் ஒழித்தால், கார்டின் கம்பிச்சுருள்களிலிருந்து கொசு ரீங்காரம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான், ஒரு சத்தம் செத்தால் இன்னொன்று எழுந்து உட்காரும். இந்தக் கிறுக்கர்களுக்குத் தெரிந்த மருந்து இன்னும் வெட்டுவது ஒன்றுதான்.

அதனால் தண்ணீருக்குப் போனான். அறையின் மூலையில் பழைய விறகடுப்பின் புகைக்கூண்டு இருந்தது. அடுப்பு போய்விட்டது, சுவரில் தகர மூடி போட்ட ஓட்டை மட்டும் மிச்சம். அந்தக் கூண்டு கீழ் வீட்டைத் தாண்டி, நிலவறையில் அவர்களுக்கென்று ஒதுக்கிய தடுப்புக்குள்தான் போய் முடிந்தது. மூடியில் துளை போட்டு இரண்டு குழாய்களை உள்ளே இறக்கினான். ரேடியேட்டரும் பம்பும் கீழே, விளையாட்டு மேலே. அன்றிலிருந்து மேலே குண்டூசி விழுந்தால் கேட்கும். ஆர்னே பூரித்துப்போனான்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஊரே வாயைப் பொத்திக்கொள்ளும் நாள், ஆணி அடித்தால்கூடக் கீழ் வீட்டு ஹோல்பைன் அம்மாள் படியேறி வந்துவிடுவாள். பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஸ்வென்யா தன் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

“இருட்டறதுக்குள்ள வந்துடுவேன். போனை இங்கயே வெச்சுட்டுப் போறேன், காட்டுல எப்படியும் சிக்னல் கிடைக்காது. சமாளிச்சுடுவல்ல?”

“ராஜா மாதிரி பாத்துக்கறேன், நீ போ.”

“ராஜாவெல்லாம் வேணாம், அப்பனா பாத்துக்கிட்டா போதும். அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்து பொண்ணை மறந்துடாத.” அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். ஆர்னேவுக்கு ரோஷமாக இருந்தது. ஒரு நாளாவது தன்னை நம்பி அவள் நிம்மதியாகப் போய் வரட்டும், வரும்போது குழந்தை சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஈடா பால் குடித்துத் தூங்கினாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பனி விழும் நாளில் தெருவின் சத்தங்களெல்லாம் பஞ்சுக்குள் போய்விடும். அவன் ஹெட்போன் மாட்டாமல், ஒலியை அணைத்துவிட்டு விளையாடினான். கம்ப்யூட்டர் மூச்சு விடவில்லை. ஈடாவின் மூச்சு மட்டும் பாலின் வாசனையோடு தொட்டிலிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கும் அடியில், புகைக்கூண்டின் தகர மூடிக்குப் பின்னால், வெகு ஆழத்தில், வறண்டதும் சீரானதுமாக ஏதோ ஒன்று உரசிக்கொண்டே இருந்தது.

பம்பின் தேய்மானம் என்றுதான் நினைத்தான். காதைத் தகரத்தில் வைத்தான். தகரம் சில்லென்று சுட்டது. பம்பு இப்படிச் சத்தம் போடாது. குளிரில் பேருந்துக்கு நிற்பவர்கள் உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்ப்பார்களே, அந்தச் சத்தம் இது. தேய்த்து, நிறுத்தி, ஊதி, மறுபடி தேய்க்கிற சத்தம்.

விளையாட்டை நிறுத்தினான். தேய்க்கிற சத்தம் கொஞ்ச நேரம் தொடர்ந்தது, மெல்லத் தயங்கியது, நின்றது. பிறகு மூடியில் நுழையும் குழாய் ஒரு விரல்கடை உள்ளே இழுபட்டது.

கதவு தட்டப்பட்டது. ஆர்னே துள்ளிவிட்டான். ஹோல்பைன் அம்மாள், ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருக்கும் நல்ல சட்டை, முத்து மாலை.

“தம்பி, புகார் சொல்ல வரலை. ஆனா வீட்டு விதின்னு ஒண்ணு இருக்குல்ல?”

“என் கம்ப்யூட்டர் சத்தம் கேக்குதுங்களா?” அவனுக்கு அதுதான் முதலில் வலித்தது.

“அதுவா? அது மூச்சே விடலை. பேஸ்மென்ட்ல ஆளைத் தங்க வெச்சிருக்கீங்களே, அதைச் சொல்றேன். இந்தக் குளிர்ல பாவம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பல்லு அடிச்சுக்கற சத்தம் என் சமையலறை வரைக்கும் வருது. ஒரு போர்வையாவது குடுக்கக் கூடாதா?”

“அங்க யாரும் இல்லீங்க.”

“சரி, யாரும் இல்லை. அந்த யாருமில்லாதவருக்கு ஒரு போர்வை குடுங்க” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து இறங்கிப் போனாள்.

குழந்தையின் மூச்சைக் கேட்கும் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆர்னே நிலவறைக்கு இறங்கினான். விளையாட்டை மெனுத் திரையிலேயே விட்டிருந்தான். மெனுத் திரைதான் சில விளையாட்டுகளில் கார்டை வறுத்தெடுக்கும் என்பது அவனுக்குத் தெரியும், அவசரத்தில் தோன்றவில்லை. கீழே உருளைக்கிழங்கும் பழைய கரியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை. மரச் சட்டக் கதவில் அவன் போட்ட பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே யாரும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

பிறகு ரேடியேட்டரைப் பார்த்தான்.

அதன் அலுமினியத் தகடுகள் காகிதம் போல மெல்லியவை, நகம் பட்டால் மடங்கும். அவன் குழந்தையைத் தூக்குவது மாதிரி ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கி வந்து வைத்திருந்தான். இப்போது ஒரு தகடும் நேராக இல்லை. எல்லாம் படுத்திருந்தன, கண்டபடி அல்ல, உருவமாக. உள்ளங்கை, ஐந்து விரல். அதன்மேல் இன்னொரு உள்ளங்கை. மேலே, கீழே, ஓரங்களில், அடுப்பைச் சுற்றிக் கூட்டம் இடம் பிடித்தது மாதிரி. தன் கையை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தான். அந்த விரல்கள் அவன் விரல்களைவிட ஒரு கணு நீளம்.

கார்டு அங்கே மேலே வெந்துகொண்டிருந்தது. இது வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். பனிக்கட்டியாக இருந்தது.

அவன் கையை எடுப்பதற்குள், கைக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த ஒரு சிறிய இடத்தில், தகடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. மெதுவாக. அவன் கண்ணெதிரில். யாரோ நகர்ந்து அவனுக்கு இடம் விட்டுக் கொடுத்து, தானும் கையை வைத்துக்கொண்டது மாதிரி.

சூடுதான் இதுகளை இங்கே நிறுத்தி வைக்கிறது, இனி ஒரு துளி சூடு இறங்கக் கூடாது என்று மட்டுமே அவனுக்குத் தோன்றியது. பம்பின் பிளக்கைப் பிடுங்கினான். கொக்கியில் தொங்கிய கத்தரியை எடுத்து இரண்டு குழாய்களையும் வெட்டினான். தண்ணீர் காலில் கொட்டியது. பூட்டக்கூட நில்லாமல் படிகளில் ஓடினான்.

மேலே திரை இருண்டிருந்தது. தண்ணீர் வற்றிய கார்டு கொதித்துத் தானாகவே அணைந்திருந்தது, அறை முழுக்கக் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். குழந்தை இருக்கிற அறை. அந்த ஊரில் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவன் கைகள் செய்தன. ஹீட்டரின் திருகை முழுக்க மூடி, இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டான். அங்கே காற்று மாற்றுவது குளிப்பதைப் போல. வெளியில் பனி கொட்டினாலும் தினமும் செய்வார்கள், சூடு வீணாகாமல் இருக்க முதலில் ஹீட்டரை மூடுவார்கள். யோசித்துச் செய்வதில்லை.

குளிர் உள்ளே விழுந்தது. நாற்றம் போனது. சுவர் ஆறியது, தரை ஆறியது, படுக்கை ஆறியது. ஈடா உதடுகளைச் சப்பிக்கொண்டு தூங்கினாள், அவள் வாயிலிருந்து சின்னதாக ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இந்த அறையில் இப்போது சூடாக இருப்பது எது?

புகைக்கூண்டுக்குள் ஓசை. தேய்ப்பது அல்ல. கரிச்சுவரில் உள்ளங்கைகள். ஒன்று. இன்னொன்று. அவசரமில்லாமல் மேலே வந்தன. பல.

ஜன்னல்களைச் சாத்தினான். ஹீட்டரைத் திருகினான். பழைய கட்டிடம், சூடு ஏற நேரமாகும், இரும்பு செத்தது போலக் கிடந்தது. கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி அழுத்தினான். அணைந்தது.

தகர மூடி விழுந்தது.

எதுவும் வெளியே வரவில்லை. கரி வாடை மட்டும் வந்தது. தொட்டிலின் விளிம்பில் தொங்கிய போர்வை ஓர் இடத்தில் அமுங்கியது.

ஈடாவை வாரி எடுத்துத் தன் கம்பளிச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகினான். நடைவழிக்கு ஓடினான். வாசல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பயத்தில் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டான். நடைவழி அந்தப் பக்கம் சுவரில்தான் முடிந்தது. சுவரைப் பார்த்துக் குனிந்து, குழந்தையை நெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

முதல் கை அவன் முதுகில் பதிந்தது.

கம்பளியைத் தாண்டி, தோலைத் தாண்டி, எலும்பில் போய் உட்கார்ந்தது அந்தக் குளிர். பக்கத்தில் இன்னொன்று. தோளில். விலாவில். பிடரியில். அவை இறுக்கவில்லை, அடிக்கவில்லை. மரியாதையாக வைத்துக்கொண்டன. எடுத்துக்கொள்ளட்டும், என்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆர்னே உள்ளுக்குள் கெஞ்சினான். ஈடா நெஞ்சில் வெதுவெதுப்பாக இருந்தாள். காலில் உணர்வு போய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் நீலமாகி மங்கியது. ஸ்வென்யா வந்துவிடுவாள், வந்துவிட்டால் போதும்.

வாசலில் சாவி திரும்பியது.

மலையேறி இறங்கியவளின் மூச்சு. பூட்ஸிலிருந்து பனி உதிரும் சத்தம். ஒரு நாள் முழுக்கக் காட்டில் ஓடிக் கொதித்துப்போன உடம்பு.

கத்த வாயைத் திறந்தான். பல் கிட்டிப்போயிருந்தது, சொல் வரவில்லை. அவன் முதுகிலிருந்து ஒரு கை எடுபட்டது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக எல்லாம் எடுபட்டன. உடம்புக்குள் ரத்தம் ஓடத் தொடங்கியது, அந்த நொடியில் அவனுக்கு வந்தது பயம் அல்ல, நிம்மதி. தனக்கு நிம்மதி வந்ததே என்று அவன் நெஞ்சு பதறியது.

இரண்டு கைகளாலும் ஈடாவை அணைத்தபடி, சுவரைப் பிடிக்காமல் மெல்லத் திரும்பினான். நடைவழியின் அந்தக் கோடியில், அவனுக்கு முதுகு காட்டி, சின்ன முக்காலியில் உட்கார்ந்து, ஸ்வென்யா பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றியிருந்தாள். ஈரத் தலைமுடியிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் ஆவி எழுந்தது. அவள் தோள்களில் சட்டை அமுங்கியது, வலது பக்கம், பிறகு இடது பக்கம்.

அவள் நிமிரவில்லை. சிரித்துக்கொண்டே தன் கையை உயர்த்தித் தோளின்மேல் இருந்ததைத் தட்டிக் கொடுத்தாள்.

“அடப்பாவி, ஏன்டா கை இப்படி சில்லுனு இருக்கு?” என்றாள். “இங்க குடு, என் கழுத்துக்குள்ள வெச்சுக்கோ.”