வெட்டாத பக்கங்கள்

டெலிபோன் அலறியது!

கம்பைநல்லூர் போலீஸ் ஸ்டேஷன். 1972. டீயை வாயருகே கொண்டுபோன இன்ஸ்பெக்டர் தர்மன் சலிப்போடு ரிசீவரை எடுத்தார்.

"சார்... லைப்ரரி ராஜாமணி பேசறனுங்க. ஏரிக்கரை வேடியப்பன் கல்லை ரைஸ்மில் மாதேஸ்வரன் தோண்டறாருங்க! கையும் களவுமா புடிச்சிட்டாங்க!"

"சாமி கல்லைத் தோண்டினா பூசாரிகிட்ட சொல்லுய்யா. எனக்கு எதுக்குப் போன்?"

"உள்ள மண்டையோடு இருக்குதுங்க சார்!"

டீ சட்டையில் கொட்டியது.

ஏரிக்கரையில் ஊரே திரண்டிருந்தது. என்றைக்கோ சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். சாய்ந்து கிடந்ததைச் சில வருஷம் முன்புதான் நிமிர்த்தியிருந்தார்கள். ஊருக்கு அவன்தான் வேடியப்பன். பூசை போடாமல் அதை யாரும் தொடவே மாட்டார்கள். விடிகாலையில் களை எடுக்கப் போன பெண்கள், கடப்பாரைச் சத்தம் கேட்டுக் கூச்சல் போட்டிருக்கிறார்கள். மாதேஸ்வரன் வேறு எந்த மண்ணைத் தோண்டியிருந்தாலும் ஒருத்தியும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்!

குழிக்குள் எலும்புகள்... நடுவே கறுத்துப்போன வெள்ளிச் சங்கிலி. அதில் ஒரு மாதா பதக்கம்.

அதைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இசபெல்லா. பள்ளிக்கூட டீச்சர். போன மாதம்தான் அவளுடைய முதல் நாவல் வெளிவந்திருந்தது. பாளையக்காரர் காலத்தில் காணாமல் போன ஒரு காவல் வீரனை அவன் தங்கை தேடும் சரித்திர மர்மக் கதை.

"எங்க அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் சார்..." அவள் சங்கிலியைக் காட்டினாள். "சின்ன வயசுல சர்ச்சுல புதுநன்மை வாங்கின அன்னிக்கு அம்மா போட்ட சங்கிலி. இந்த மாதேஸ்வரன் மில்லுலதான் வேலை பாத்தாரு. சில வருஷத்துக்கு முன்னால திடீர்னு காணோம், பெங்களூருக்கு ஓடிட்டாருன்னு சொன்னாங்க. நாங்களும் நம்பிட்டோம்..."

"அவளைப் புடிங்க சார்!" மாதேஸ்வரன் கத்தினார். கையெல்லாம் மண். "கல்லுக்கு அடியில பொணம்னு நாவல்ல எழுதினதே அவதான்! நெசமான்னு பாக்கத்தான் நானு தோண்டுனேன். நெசமாவே இருக்குது! கொன்னவளுக்குத்தானே எடம் தெரியும்?"

கூட்டம் முணுமுணுத்தது. சில தலைகள் ஆமாம் என்று ஆடவும் செய்தன. நேற்றுவரை டீச்சர் என்று கும்பிட்ட தலைகள்!

தர்மன் நூலகர் பக்கம் திரும்பினார்.

"நாவல் எப்படிய்யா?"

"ஞாயித்துக்கெழம லைப்ரரியில அதுக்குத்தான் கூட்டம் போட்டோமுங்க," என்றார் ராஜாமணி. "சரித்திரக் கதைன்னு சொல்லிட்டு ஒரு யானைகூட வரலியேன்னு டெய்லரு சலிச்சிக்கிட்டாரு. நடை போதாதுன்னு ஹெட்மாஸ்டரு சொன்னாரு. நானு ரெண்டு வாட்டி படிச்சு ரெண்டு வாட்டியும் அழுதனுங்க. முடிவு சுத்த அபத்தம், நம்பவே முடியாதுன்னு மேசையத் தட்டுனது மாதேஸ்வரன்தான். அப்ப எவனோ, நம்ம ஏரிக்கரைக் கல்லையும் ஒரு நாளு தோண்டிப் பாக்கணும்டான்னு சொல்லிச் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சோம்... இவரு மட்டும் எந்திரிச்சுப் போயிட்டாரு."

"பேச்சு எதுக்கு? இதப் பாருங்க!" மாதேஸ்வரன் தன் புல்லட் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து நடுப்பக்கம் ஒன்றை விரித்துக் காட்டினார்.

தர்மன் உரக்கப் படித்தார். "இந்தக் கல்லைத் தோண்டுங்கள்! என் அண்ணன் இதன் கீழ்தான் இருக்கிறான்!"

"கேட்டீங்களா?"

இசபெல்லா மெல்ல எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசி அத்தியாயத்தைத் திருப்புங்க சார்."

தர்மன் திருப்பினார். திருப்ப முடியவில்லை!

அச்சகத்தில் மடித்துத் தைத்தபடியே கடைசிப் பக்கங்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டிக் கிடந்தன. பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டுதான் படிக்க வேண்டும். மாதேஸ்வரன் வெட்டவே இல்லை!

"கதை முடிவுல கல்லைத் தோண்டறாங்க சார். கீழ ஒண்ணுமே இல்ல. வெறும் மண்ணு. கடைசிப் பக்கத்துல அந்த அண்ணன் உயிரோட வூட்டுக்கு வந்துடறான்." அவள் விசும்பினாள். "எனக்கு அவனைக் கொல்ல மனசு வரலை சார்... இவரு முடிவு தெரியாமலே திட்டறாருன்னு அன்னிக்குக் கூட்டத்துலேயே தெரிஞ்சுச்சு. முதல் புத்தகம், பெரிய மனுஷன் பேசறாரு, கேட்டுக்கணும்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

தர்மன் மாதேஸ்வரனை நெருங்கினார்.

"இந்தக் கல்லு முன்னால சாஞ்சு கெடந்ததாமே. நிமித்தி நட்டது யாரு?"

மாதேஸ்வரன் கை மண்ணை வேட்டியில் துடைத்தார்.

"இவருதானுங்க," என்றார் ராஜாமணி. "ஸ்தனிஸ்லாஸ் காணாமப் போன வருஷம்."

"நெசமான்னு பாக்க வந்தவருக்குக் கோணிப்பை எதுக்கு?"

குழியோரம் காலிக் கோணிப்பை கிடந்தது. மாதேஸ்வரன் அதையே பார்த்தார். பிறகு தலை தொங்கியது.

"எந்தங்கச்சி காவேரியக் கட்டிக்கறேன்னு வந்து நின்னான் சார்... ஒரே அடிதான் அடிச்சேன்..."

தர்மன் விலங்கை எடுத்து மாட்டினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லூர்து மேரி வந்தாள். ஸ்தனிஸ்லாஸைப் பெற்றவள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மாதா கோயிலில் செத்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். அவள் மகன் பெயரை ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. கொடுக்கச் சொன்ன பங்குச் சாமியாரிடமே சண்டைக்குப் போனவள்!

குழியருகே குனிந்து பதக்கத்தை முந்தானையால் துடைத்தாள்.

"ஒம் புத்தகத்துல வந்துட்டான்னு படிச்சுக் காட்டுனியே கண்ணு... நானும் நம்பித்தான் இருந்தேன்." மகளைப் பார்த்தாள். "போ, சாமியாருகிட்ட அவம் பேரைக் குடுத்துட்டு வா."

இசபெல்லா தாயைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எத்தனையோ விலங்கு மாட்டிய தர்மன்கூட ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப் கிளம்பியபோது விலங்கிட்ட கையைத் தூக்கி மாதேஸ்வரன் கேட்டார்.

"சார்... கடைசியில நெசமாவே அவன் உயிரோட வர்றானா?"

தர்மன் புத்தகத்தைத் தூக்கி அவர் மடியில் போட்டார்.

"உள்ள உக்காந்து நிதானமாப் படிங்க. ஒரே ஒரு கஷ்டம்தான்... பக்கத்தை வெட்டறதுக்கு ஜெயில்ல கத்தி தர மாட்டாங்க!"