ஜோவிதாவுக்குப் போட்ட இலை

ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அந்த நோட்டு சில்லென்று இருந்தது. சகாயமேரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பெட்டியில் இருந்த மற்றதெல்லாம், மகள் ஜோவிதாவின் மஞ்சள் கவுன், ரிப்பன், அறுந்த வார் வைத்த செருப்பு, அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கிடக்கிற எந்தச் சாமானையும் போல வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. நோட்டு மட்டும் ஐஸ்காரன் பெட்டிக்குள் கிடந்தது மாதிரி. நவம்பர் மழைக்கு ஈரம் ஏறியிருக்கும் என்று முந்தானையால் துடைத்தாள். ஈரம் எதுவும் ஒட்டவில்லை. குளிரும் போகவில்லை.

அதை எழுதியவர் ஹில்டாம்மா. ஊருக்கெல்லாம் துரைசானியம்மா. ஒரகடம் ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற இந்தச் சின்ன ஊரில் நாற்பது வருஷம் மருந்து கொடுத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் இங்கேயே கிழவியாகி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கேயே கல்லறைக்கும் போய்ச் சேர்ந்த வெள்ளைக்கார மனுஷி. அவருக்குக் கடைசிவரை சமைத்துப் போட்டது சகாயமேரிதான். பள்ளிக்கூடம் விட்டதும் ஜோவிதா நேராக அங்கேதான் ஓடி வருவாள். ஹில்டாம்மாவின் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டு, "உங்க ஊருக்குப் போலாம், வாங்க" என்பாள்.

இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள், கட்டிலை விட்டு இறங்காமலே. எப்போதும் ஒரே வழி. ரயிலை விட்டு இறங்கினால் முதலில் ரொட்டிக் கடை. ரொட்டிக்காரர் மீசையெல்லாம் மாவு. அடுத்தது குதிரைக்கு லாடம் அடிக்கிற பட்டறை. அப்புறம் ஒரு கல் பாலம். பாலத்தைத் தாண்டினால் மாதாகோயில், அதன் மணி எந்நாளும் ஏழு நிமிஷம் தாமதம். கோயிலுக்குப் பின்னால் குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளை கேட் போட்ட வீடு. மாடி அறையில் வைக்கோல் பரப்பி ஆப்பிள்களை அடுக்கி வைத்திருப்பார்களாம், வீடே மணக்குமாம். அந்த வீட்டில்தான் ஹில்டாம்மா பிறந்தது. அவருக்கு ரூத் என்று ஒரு தங்கை. குளிர்காலத்தில் குளம் கல்லாக உறைந்து கிடந்தபோது, வீட்டுக்குக் குறுக்கு வழி என்று அதன்மேல் ஓடி வந்தாள். நடுவில் பனிக்கட்டி உடைந்தது. ஒன்பது வயசு. அதற்குப் பிறகு அவர்களுடைய அம்மா தினமும் சாயங்காலம் கேட்டில் வந்து நின்று, ரூத், தேநீர் ஆறிப்போகிறது, ரூத் என்று கூப்பிடுவாராம். சாகும் நாள்வரைக்கும்.

"ரூத்துக்கு யாரும் எலை போடலியா?" என்று ஜோவிதா ஒருநாள் கேட்டாள்.

"எங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை, குழந்தாய்." ஹில்டாம்மாவின் தமிழ் கடைசிவரை புஸ்தகத் தமிழ்தான்.

"அப்ப அவளுக்குப் பசிக்காதா?"

அன்றைக்கு ராத்திரிதான் ஹில்டாம்மா இந்த நோட்டை எழுத ஆரம்பித்தார். ஊரை ஒரு வீடு விடாமல் தமிழில் எழுதி, முதல் பக்கத்தில் ஜோவிதாவுக்கு என்று போட்டுவிட்டுச் செத்துப்போனார்.

போன டிசம்பரில் ஜோவிதாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. அவளுக்கும் ஒன்பது வயசு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான்கு நாள் கண்ணைத் திறக்காமல் நடந்துகொண்டே இருந்தாள். அம்மா, ரொட்டிக் கடை வந்துட்சி. மறுநாள், அம்மா, பாலம். யாரோ கொண்டுவந்து வைத்த இரண்டு ஆப்பிள் கட்டிலுக்கடியில் சுருங்கிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் விடியற்காலையில், "அம்மா, குளிருது. கொளம் வந்துட்சி. அந்தாண்ட யாரோ கூப்புட்றாங்க. போட்டுமா?" என்றாள்.

நான்கு ராத்திரி தூங்காதவள் சகாயமேரி. கனவில் பேசுகிறது பிள்ளை என்று நினைத்தாள். "போ கண்ணு, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்தாள். அவள் கண் விழித்தபோது நர்ஸ் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

இதைப் புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். ஜோவிதாவுக்கு முதல் படையல். புருஷன் லூர்துராஜ் கம்பெனியில் செகண்ட் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். குன்றத்தூரிலிருந்து அவனுடைய அக்கா ராஜாமணி வந்து, காலையிலிருந்து எல்லாரையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள். முட்டைத் தொக்கு, நெத்திலி வறுவல், தேன் மிட்டாய், ஒரு டம்ளர் ரஸ்னா, எல்லாம் பிள்ளைக்குப் பிடித்தது. கூடத்தில் ஜோவிதாவின் போட்டோவுக்கு முன்னால் இலை விரித்தாயிற்று.

"அண்ணி, இந்த நோட்டையும் எலையாண்ட வெக்கட்டுமா? புள்ளைக்கு இதுன்னா உசுரு."

ராஜாமணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். "தொரசானியம்மாது தான இது?"

"ஆமா."

"அப்ப வாணாம். ஒருத்தரு பொருள இன்னொருத்தரு எலையில வெச்சா, யாருக்குப் போட்ட எலைன்னு செத்தவங்களுக்கு இன்னா தெரியும்? எடுத்து உள்ள வை."

"சாமியாரே இந்தப் படையலெல்லாம் கூடாதுன்றாரு. நீ அதுக்கு மேல ரூல்ஸ் போட்றியேக்கா. எங்க சூப்பர்வைசரு தோத்தாரு உன்னாண்ட" என்றான் லூர்துராஜ்.

"சாமியாருக்குச் செத்தப்புறம் பசி எடுக்கட்டும், அப்ப வந்து பேசச் சொல்லு." ராஜாமணி மெழுகுவத்தியை ஏற்றினாள். "கேட்டுக்கோ மேரி. மொத வருசம் மட்டுந்தான் வூட்டுக்கு வருவாங்க. அப்பறம் கல்லறையோட சரி. கதவைச் சாத்திட்டா அவங்க சாப்புட்டு எழுந்திருக்கற வரைக்கும் நம்ம யாரும் உள்ள இருக்கக் கூடாது. நான் வெளிய ஜெபமாலை சொல்லுவேன். முடிச்சிட்டு மூணு வாட்டி இருமிட்டுத்தான் தொறப்பேன். போறவங்களுக்கு டைம் குடுக்கணும்."

முதல் வருஷம் மட்டும். சகாயமேரிக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

"கல்லறையாண்ட மெழுகுவத்தி மழைல அணைஞ்சிருக்கும். நான் பாத்துட்டு வந்துட்றேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இரண்டு வீடு தாண்டிப் பின்பக்கமாகச் சுற்றி, சமையல்கட்டுப் பின்கதவு வழியாக உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். கூடத்தில் டியூப்லைட் அணைந்தது. தெருக்கதவு சாத்தப்பட்டது. அவள் சத்தமில்லாமல் போய், முந்தானைக்குள் வைத்திருந்த நோட்டை இலைக்கு அடியில் செருகினாள். போன வழி தெரிந்தால்தானே பிள்ளை திரும்பி வரும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். போகாதே என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் பழைய புடவையைக் கிழித்துத் தொங்கவிட்ட திரை. அதற்குப் பின்னால் அரிசி டிரம்மை ஒட்டி உட்கார்ந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் ராஜாமணி ஆரம்பித்தாள். அருள் நிறைந்த மரியே. லூர்துராஜின் கரகரத்த குரல் பின்பாதியைச் சொன்னது. கூரைமேல் மழை சரளைக் கல் கொட்டுவது போல் விழுந்துகொண்டிருந்தது. ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று சேற்றை அரைத்துக்கொண்டு போனது. எங்கோ தவளை. திரையின் கிழிசல் வழியே மெழுகுவத்தியும் இலையும் போட்டோவின் கீழ்ப்பாதியும் தெரிந்தன, தொக்கின் வாசனை சமையல்கட்டுவரை வந்தது, ஜெபமாலையில் முதல் பத்து மணி முடிந்தபோதும் கூடத்தில் ஒரு எறும்புகூட நகரவில்லை.

இரண்டாம் பத்தில் மழை நின்றது. இல்லை, நின்றது மாதிரி இல்லை. மழை நின்றால் கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்கும். அது கேட்கவில்லை. தவளை கேட்கவில்லை. ராஜாமணியின் குரல் ஏதோ நாலு வயல் தள்ளி யாரோ பேசுவது போல் தேய்ந்துகொண்டே போனது. சகாயமேரிக்கு நோட்டில் இருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. பனி விழும்போது உலகத்தின் வாயை யாரோ பொத்திவிட்டது போல் இருக்கும், குழந்தாய்.

கரிப் புகை வாசனை வந்தது. அதற்குப் பின்னால் ஆப்பிள்.

மணி அடித்தது. ஊர்க் கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்தாயிற்று, அவள் தெருவில் இறங்கும்போதே. இது வேறு மணி. கனமாக, தூரத்தில். ஆறு அடித்தது. சமையல்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணி ஏழு நிமிஷம்.

வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்தது.

கூடத்தில் காலடி. சின்னக் காலடி. டொக் என்று ஒன்று, உள்ளே தண்ணீர் பிதுங்குகிற சத்தத்தோடு இன்னொன்று. ஷூ. ஜோவிதா வாழ்நாளில் ஷூ போட்டதில்லை. அங்கே வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். அந்த ஊர்க் குளிருக்கு ஷூ இல்லாமல் முடியுமா. சொல்லிக்கொண்டே கிழிசலில் கண்ணை வைத்தாள்.

இலைக்கு முன்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தது. முதுகு தெரிந்தது. ஒற்றைப் பின்னல், ஈரம் சொட்டச் சொட்ட. அதில் ஏதோ பாசி. ஜோவிதா என்று அவள் வாய் குவிந்தது.

அப்போது அது சாப்பிட ஆரம்பித்தது.

ஜோவிதா விரல் நுனியால் பிசைந்து, உருட்டி, சிந்தாமல் சாப்பிடுவாள். சகாயமேரி பழக்கியது. இந்தக் கை சோற்றை மண் அள்ளுவது போல் முழு உள்ளங்கையால் அள்ளியது. விரலிடுக்கில் வழிந்தது. கையால் சாப்பிடத் தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் பசி. அப்படி ஒரு பசி. இலையை வழித்தது. நெத்திலியின் முள் நொறுங்கியது. திரும்ப வழித்தது.

ரூத்.

தெருக்கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. வெள்ளையாகக் கிடந்தது. வெள்ளைக்கு நடுவில் ஒரு சந்து, சந்தின் கடைசியில் ஒரு கேட், கேட்டில் கை வைத்தபடி ஏப்ரன் கட்டிய ஒரு பெண். அந்தச் சந்தில், கோயிலில் புதுநன்மை வாங்குகிற நாளுக்கென்று தைத்து, கடைசியில் அதையே போட்டுப் புதைத்த வெள்ளைக் கவுனும் முக்காடுமாக, வெறுங்காலோடு பனியில் நின்றுகொண்டிருந்தாள் ஜோவிதா.

"ஜோவி." குரல் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஜோவி, போவாத கண்ணு. அம்மா இங்க கீறேன்."

முக்காடு கொஞ்சம் அசைந்தது. தலை பாதி திரும்பியது. ஒரு கன்னம் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில்.

கேட்டில் நின்ற பெண் கூப்பிட்டாள். பாஷை புரியவில்லை. என்ன சொன்னாள் என்று புரிந்தது.

"தோ வந்துட்டேம்மா" என்றாள் ஜோவிதா.

சாயங்காலம் தெருவில் விளையாடும்போது சகாயமேரிக்குச் சொல்கிற அதே பதில். அதே இழுப்பு. ஓடினாள். பனியில் சின்னப் பாதங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் அவளை ஏப்ரனுக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டாள். எத்தனையோ வருஷம் காத்திருந்த கை.

கேட் சாத்தியது.

மெழுகுவத்தி அணைந்தது. கூரைமேல் மழை திரும்ப வந்து கொட்டியது. அருள் நிறைந்த மரியே என்றாள் ராஜாமணி, கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், கடைசி மணிக்கு வந்துவிட்டவளின் அவசரத்தோடு.

இலை சரசரத்தது. எழுந்து போகிற சத்தம் இல்லை. ஊர்ந்து வருகிற சத்தம்.

திரையின் அடிப்பாகம் நகர்ந்தது. ஒரு கை. சோறு ஒட்டிய கை. தடவித் தடவி வந்து, அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. ஐஸ்.

"அம்மா," என்றது. குரல் ஜோவிதாவுடையது இல்லை. "குளிருது."

வெளியே ராஜாமணி இருமினாள்.

ஈரத் தலை ஒன்று மடியில் வந்து சாய்ந்தது. புடவை நனைந்தது. தொடை மரத்தது. பாசி வாசனையும் முட்டைத் தொக்கு வாசனையும்.

இரண்டாவது இருமல்.

போ என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. வாய்வரை வந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு தடவை அதைச் சொன்னவள் அவள்.

"இருமிட்டேன். தொறக்கறேன்" என்றாள் ராஜாமணி மூன்றாவது இருமலுக்குப் பிறகு. நாதாங்கி அசைந்தது. மடியில் கிடந்தது அவள் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்தது. இருட்டில் சகாயமேரியின் இன்னொரு கை, அவள் சொல்லாமலே எழுந்து, அந்தப் பின்னலை எடுத்து, முந்தானையால் துவட்ட ஆரம்பித்தது.