வியாழக்கிழமைப் பிள்ளைகள்

துடைத்த இடம் மறுபடியும் ஈரமாகியிருந்தது.

செர்வா கட்டிலிலிருந்து காலை இறக்கியதும் உள்ளங்காலில் சில்லென்று பட்டது. விடுதி அறைக்குள் நுழைந்த கையோடு அந்த மூலையைத் துணியால் ஒற்றி எடுத்திருந்தாள். இப்போது தரைக்கல்லின் நாலு பக்கமும் மஞ்சள் நீர் கசிந்து நின்றது. வெளியே காலையிலிருந்து விடாத மழை, தகரக் கூரையில் அரிசி கொட்டுவது போன்ற சத்தம், ஆனால் கூரையில் ஒரு பொட்டு ஒழுகல் இல்லை. தண்ணீர் கீழேயிருந்து வந்தது. புதுச் சுண்ணாம்பின் வாசனையையும் மீறி அறை முழுக்கச் சேற்று வாடை.

என்சுவாசோ தங்கம் எடுக்கும் ஊர். ஊர்தான் சீரழிந்து கிடந்தது. ஆறு பால் விட்ட காபி நிறத்தில் ஓடியது, தெருவெல்லாம் பள்ளம், கடைக்குக் கடை எடை போடும் தராசு. தன் ஊரான குமாசியிலிருந்து வேனில் வந்து இறங்கியபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க அவள் வரவில்லை. தம்பியை அழைத்துப் போக வந்திருந்தாள்.

தம்பி யாவ் அட்டகோரா செத்து ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனை அவன் செத்த இடத்துக்கே போய்க் கூப்பிட வேண்டும். அங்கே முட்டை உடைத்து, ஒரு பிடி மண்ணை வெள்ளைத் துணியில் முடிந்து, வீட்டு வாசல் வரை திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வழியில் திரும்பிப் பார்த்துவிட்டால் அவன் வழியிலேயே நின்றுவிடுவான். அம்மா படுக்கையில் கிடந்தபடியே வள்ளிக்கிழங்கு மசித்து வைக்கச் சொல்லியிருந்தாள், மகன் வந்ததும் ஊட்டிவிட்டுத்தான் சாவேன் என்று. கிளம்பும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னாள்.

"முழுப் பேரச் சொல்லிக் கூப்பிடுடி. வெறும் யாவ்னு கூப்பிட்டுறாத. வியாழக்கிழமை பொறந்த ஆம்பள எல்லாம் யாவ்தான்."

தங்கம் தோண்ட இறங்கி அவன் செத்த குழியை மூடி, அதன் மேல்தான் இந்த விடுதியைக் கட்டியிருந்தார்கள். அதனால்தான் இதே கடைசி அறையைக் கேட்டு வாங்கினாள்.

டொக். டொக். டொக்.

தரைக்கு அடியில். கொஞ்சம் விட்டு, மறுபடியும்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அஃப்ரியே துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"எலிதான்க்கா," என்றாள்.

"எலி மூணு மூணாத் தட்டுமா?"

அஃப்ரியே தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரல் இறங்கியது. "குழி சரிஞ்சா உள்ள இருக்கிறவன் கல்லால மூணு தடவ தட்டுவான், உயிரோட இருக்கேன்னு. அன்னைக்கும் தட்டுனாங்க. நான் என் காதால கேட்டேன். கேட்டுக்கிட்டிருக்கும்போதே மண்ணள்ளுற வண்டியக் கொண்டாந்து மூடச் சொன்னாரு முதலாளி. போலீசு வந்தா மத்த குழியும் போயிருமாம்."

செர்வா குந்தி, ஈரத் தரைக்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தட்டியிருக்கிறான். உயிரோடு இருந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து சொன்னவர்கள், நொடியில் போய்விட்டான், வலியே இல்லை என்றார்கள்.

பேச்சு முடியுமுன் முதலாளியே வந்து சேர்ந்தார். அசுமாங். வெள்ளைச் செருப்பு, மணிக்கட்டில் தடித்த தங்கச் சங்கிலி, தொப்பைக்கு மேல் குடை. இவளைத் தங்கம் வாங்க வந்த வியாபாரி என்று நினைத்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வாங்கம்மா வாங்க! குமாசிக்காரங்களா? உங்க ஊர்ல விக்கிறதெல்லாம் பித்தளை. எங்ககிட்டதான் அசல்."

"இங்க ஒரு குழி இருந்துச்சே. என் தம்பி யாவ் அதுலதான் போனான்."

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அதுவா? வியாழக்கிழமை பூமித்தாய்க்கு ஓய்வு நாள். அன்னைக்குப் போய்த் தோண்டுனானுங்க. அவ கோவிச்சுக்கிட்டா. நான் என்னம்மா பண்ண?"

"வியாழக்கிழமை எறங்கச் சொன்னது யாரு?"

"அன்னைக்குத்தான் காட்டுப் பக்கம் ஒரு பய வரமாட்டான்." வாய் கூசாமல் சொன்னார். "நானும் யோசிக்காம அனுப்பல. பூமித்தாய் பொறந்ததே வியாழன்லதான். சொந்தப் பிள்ளைங்கள அடிப்பாளா? அதனால வியாழக்கிழமை பொறந்த பயலுகளாப் பாத்துப் பொறுக்கி எடுத்தேன். உள்ள போனவன் அத்தன பேரும் யாவ்தான். அதுல உங்க யாவ் எவன்னு நான் எங்க போய்த் தேட?"

சொல்லிவிட்டுக் குடையைச் சாய்த்து, காரில் ஏறிப் போய்விட்டார். கார் தெருப் பள்ளத்துத் தண்ணீரை வாரிச் சுவரில் அடித்தது.

செர்வா கதவைத் தாழிட்டாள். அறைச் சாவியைத் தரைக்கல் இடுக்கில் விட்டு நெம்பினாள், அது ஊறிப்போன பிஸ்கட் மாதிரி பிளந்துகொண்டு வந்தது. அடியில் மஞ்சள் மண். குளிர்ந்த, மூச்சு முட்டும் வாடை. முட்டையை உடைத்து ஊற்றினாள். ஒரு பிடி மண்ணை அள்ளினாள். சொல்ல வேண்டிய சொற்கள் வழியெல்லாம் மனப்பாடமாக இருந்தவை. அப்பா பெயர், குலப்பெயர், எல்லாம்.

டொக். டொக். டொக்.

மூடச் சொன்னானாம். கேட்டுக்கொண்டே இருக்கும்போது.

"யாவ்!" என்று கத்தினாள், வீட்டுக் கொல்லையிலிருந்து அவனைச் சாப்பிடக் கூப்பிடுவது போலவே. "எந்திரிடா யாவ்! வா வீட்டுக்கு!"

தட்டுவது நின்றது.

மழைகூட நின்றது போலிருந்தது. பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவளுக்கு உறைத்தது.

தரைக்கு அடியில் ஒரு குரல் "ம்" என்றது. இன்னொரு குரல். கட்டிலுக்கு அடியில் ஒன்று. சுவருக்குப் பின்னால் ஒன்று. நடைக்கூடத்தின் நீளத்துக்கும், ஒவ்வொரு அறையிலிருந்தும். "ம்." "ம்." "ம்."

அவள் மண்ணை முடிந்துகொண்டு ஓடினாள். திரும்பவில்லை. நடைக்கூடத்தில் தரைக்கல் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம். அஃப்ரியேயின் அலறல். பிறகு ஈரக் கால்கள். ஒரு ஆளுடைய கால்கள் அல்ல.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேன் நிறுத்தத்தில் ஒரே ஒரு வண்டி நின்றது, காலியாக. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் சாய்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான்.

"குமாசிக்குத்தானே? எடுங்கண்ணே."

"நல்லா எடுத்தேன் போங்க! ஆள் நெறையாம வண்டி எந்த ஊர்ல கெளம்பியிருக்கு? ஏறி உக்காருங்க, ராத்திரி ஆகும்."

அவள் முன் இருக்கையில் ஏறினாள். கண்ணை நேராகத் தெருவில் வைத்தாள். பக்கத்துக் கதவு கடகடவென்று உருண்டு திறந்தது. வேன் ஒரு பக்கம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. பின் இருக்கைகள் ஒவ்வொன்றாக முனகின.

ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தான். முகம் சுளித்தான்.

"அட என்னப்பா, குளிச்சிட்டு வரக் கூடாது? சீட்டெல்லாம் சேறு." சாவியைத் திருப்பினான். "நெறைஞ்சிருச்சுக்கா. போலாம்."

சேற்று வாடை. யாரும் பேசவில்லை. யாரும் இருமவில்லை. அவள் கழுத்தில் குளிர்ந்த ஏதோ ஒன்று, மூச்சு மாதிரி, ஆனால் இழுப்பே இல்லாமல் விட்டுக்கொண்டேயிருந்தது. இத்தனை பேரும் வருகிறார்கள். அம்மா கதவைத் திறப்பாள். ஒரு கிண்ணம் கிழங்குதான் இருக்கிறது.

எங்கே போவார்கள் பாவம், இவர்களும்தான் அங்கே தட்டினார்கள். அந்த நினைப்பு வந்ததும் பயத்துக்கு மேல் கோபம் மறுபடி ஏறிக்கொண்டது.

ஊர் எல்லையில், மேட்டின் மேல், தூண் வைத்த வெள்ளை பங்களா. வாசலில் அசுமாங்கின் கார்.

"இங்க நிறுத்துங்க," என்றாள். ஓட்டுநர் நிறுத்தினான்.

திரும்பாமலேயே பின்பக்கம் பேசினாள். "உங்கள உள்ள அனுப்பினவன் வீடு இதுதான். நீங்க தட்டுனத கேட்டுக்கிட்டே மூடுனவன் வீடு. போய்க் கேளுங்க." மண் முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். "யாவ் அட்டகோரா, நீ மட்டும் இரு. நீ அக்காவோட வா."

கதவு உருண்டது. வேன் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. முழுக்க அல்ல. ஒரு ஆள் எடை மிச்சம் இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. முகத்தை நேராக வைத்துக்கொண்டே கையைத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள். ஒரு கை வந்து அதைப் பற்றியது. இடது கை. குளிர்ந்த, சேறு காய்ந்த கை.

வண்டி வெளிச்சத்தில் மஞ்சள் முதுகுகள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. முகம் திருப்பாமல். பங்களாவில் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது. முன்னால் போனவன் இரும்புக் கதவருகே நின்று இடது கையைத் தூக்கினான்.

டொக். டொக். டொக்.

அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை. தம்பிக்குப் பத்து வயதில் மரவள்ளி அரைக்கும் எந்திரம் தின்ற விரல். அவள்தான் அன்றைக்குத் துணி சுற்றி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தன் ஆத்திரத்தோடு அவனும் இறங்கிப் போய்விட்டிருந்தான்.

"கெளம்பலாமாக்கா?" என்றான் ஓட்டுநர்.

வேன் நகர்ந்தது. அவள் கைக்குள் இருந்த விரல்களை ஒன்றொன்றாகத் தடவினாள். ஐந்து. மறுபடி தடவினாள். அந்தச் சுண்டுவிரல் மெல்ல மடிந்து அவள் விரலைக் கோத்துக்கொண்டது.

"அம்மா என்ன சமைச்சிருக்காங்கக்கா?" என்றது, அவள் காதோரம், கேட்டே இராத ஒரு குரல்.