மீட்டரில் ஏறிய எட்டு மணி நேரம்

காலையில் வேலைக்குக் கிளம்பியபோது 412 காட்டிய மீட்டர், மாலையில் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து குனிந்து பார்த்தபோது 420 காட்டியது.

வீடியோ நாடாவைப் படிக்கிற ஹெட் எத்தனை மணி நேரம் சுழன்றது என்று எண்ணுகிற மீட்டர் அது. வீட்டு வி.சி.ஆரில் அதெல்லாம் கிடையாது. இது கேசட் பதிந்து ஓட்டும் ஸ்டூடியோ டெக், இரண்டு ஆள் தூக்கும் கனம். ஹெட் தேய்ந்தால் தலைகீழாக நின்றாலும் மாற்று கிடைக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அதற்கு மேல் அவனே ஓட்டமாட்டான். அலமாரியில் பதினொரு டெக்குகள் இருந்தாலும் இதுதான் செல்லப்பிள்ளை. உள்ளே எப்போதும் ஒரு வெற்று கேசட் கிடக்கும், எட்டு மணி நேரம் பதியக்கூடியது.

வீட்டில் இருப்பது அவன் மனைவி ஒருத்திதான்.

"டெக்கைத் தொட்டியா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் சற்றுத் தாமதமாகத்தான் நிமிர்ந்தாள். "அது தும்மினாக்கூட என்னைத்தான் விசாரிப்பீங்க. எனக்கு வேற வேலை இல்லையா?"

"உங்கண்ணன் வந்தாரா?"

"வரலை. வேணும்னா அவரையே கேளுங்க."

நல்ல கதை. வேலிக்கு ஓணான் சாட்சி. மச்சானுக்குப் பழைய படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தங்கை கதவைத் திறந்துவிட்டால் போதாதா?

மறுநாள் 428. அதற்கடுத்த நாள் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான், 436. மாற்றுச் சாவி வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். நாலாம் நாள் வயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனான். வந்து பார்த்தால் வயர் போட்ட இடத்திலேயே கிடந்தது, மீட்டரில் 444. மாட்டத் தெரிந்தவளுக்குப் பிடுங்கி வைக்கத் தெரியாதா என்று பல்லைக் கடித்தான்.

அவளும் மாறித்தான் போயிருந்தாள். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. சிவப்புப் புடவை அவள் உடம்பில் சாம்பலாகத் தெரிந்தது. திரையில் சிவப்பு ஒரு மயிரிழை கசிந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற ஆசாமி, பெண்டாட்டி முகத்தில் நிறம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும் என்று முடிவுகட்டினான்.

ஐந்தாம் நாள் நாலு மணிக்கே அலுவலகத்தை விட்டுக் கிளம்பினான். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

வாசற்கதவை ஓசைப்படாமல் திறந்தான். கூடத்தில் மாலை வெயில் தரைவரைக்கும் விழுந்திருந்தது, சமையலறையில் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில், பூட்டிய அறைக்குள்ளிருந்து, ஹெட் சுழலும் அந்த மெல்லிய ரீங்காரம் சூடேறிய தூசியின் வாசனையோடு கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. கதவில் காதை வைத்தான். உள்ளே அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மாட்டிக்கொண்டாயா?

பூட்டைத் திறந்தான். அறையில் ஒருவரும் இல்லை.

டெக்கின் வயர் தரையில் கிடந்தது. டெக் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு விளக்கு சிவப்பாக எரிந்தது. வீட்டில் கேமராவே கிடையாது. டிவியில் அவன் வீட்டுச் சமையலறை. அங்கே அவன் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு படத்தை அவன் ஆயுளில் கண்டதில்லை. ரத்தச் சிவப்பில் புடவை. நெற்றியில் ஒட்டிய ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. அவள் எவ்வளவு அழகு என்று, வெட்கம்கெட்டவன், அப்போதுதான் நினைத்தான்.

சமையலறைக்கு ஓடினான்.

தொட்டியருகே முதுகைக் காட்டி நின்றாள். திரையில் நின்ற அதே நிலை. கூப்பிட்டான். திரும்பினாள். திரும்ப அவ்வளவு நேரம் பிடித்தது. தேய்ந்த கேசட் படத்தில் ஓடுவது போல, வெள்ளைப் புள்ளிகள் கொப்பளிக்கும் ஒரு பட்டை அவள் இடுப்பிலிருந்து மெல்ல ஏறியது. மார்பு. கழுத்து. வாய். அவள் ஏதோ சொன்னாள். இழுபட்டுக் கரகரத்தது.

இந்த ஐந்து நாளும் அவளைத் திருடியென்று நினைத்தோமே. டெக் அல்லவா அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக நாடாவில் ஏற்றிக்கொண்டிருந்தது.

அறைக்கு ஓடிப்போய் நிறுத்தும் பொத்தானை அமுக்கினான்.

ரீங்காரம் நின்றது. முணுமுணுப்பு நின்றது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

சமையலறையில் குழாய் திறந்தபடி இருந்தது. யாரும் இல்லை.

கொல்லையில் இல்லை. மாடியில் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினான். திரும்பி வந்தான். கேசட்டை முதலுக்குச் சுற்றி, ஓடவிட்டான்.

கூடத்தில் காலடிச் சத்தம். அறைக்கு வெளியே ஓடினான்.

வந்தாள். அவள்தான். அவனைத் தாண்டிப் போனாள். தோள் உரசியது, அதில் சூடு இல்லை. திறந்திருந்த வாசற்கதவருகே நின்று, ஆளில்லாத படியைப் பார்த்துச் சிரித்தாள்.

"மதியத்துக்கு எடுத்து வெச்சிருக்கேன். மறக்காம சாப்பிடுங்க."

இன்று காலை சொன்னது. அதே குரல், அதே நிறுத்தம். நாலு நாளாகத் துருவித் துருவிக் கேட்டும் அவள் அவன்மேல் கோபப்பட்டிருக்கவில்லை. காலையில் அதை அவன் காதில் வாங்கவுமில்லை.

"இங்கே பாரு. நான் இங்கே இருக்கேன்."

அவள் படியைத்தான் பார்த்தாள். பட்டை மறுபடி ஏறி அவள் கண்களை மூடியது. அவன் அறைக்குள் ஓடி, டெக்கின் முன் மண்டியிட்டு, படத்தைச் சீராக்கும் டிராக்கிங் குமிழைத் திருப்பினான். முகம் தெளிந்தது. விரலை எடுத்தான். முகம் கலைந்தது. மறுபடி பிடித்துக்கொண்டான்.

திறந்த கதவு வழியே அவள் தெரிந்தாள், வெறும் படிக்குக் கையசைத்தபடி.

"சீக்கிரம் வந்துடுங்க," என்றாள்.