மூச்சுக் குழாய்

பாரிஸ், ரோம், இஸ்தான்புல் ஆகிய மாநகரங்களின் மேலான கவனத்திற்கு: பூமிக்கடியில் ரகசியம் வைத்திருக்கும் பெருமை இனி உங்களுக்கு மட்டுமே உரியதன்று. இன்று வியாழக்கிழமை காலை பத்து நாற்பது மணியளவில் அருப்புக்கோட்டையும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. பாளையம்பட்டி சாலையில், நல்லகண்ணுவின் பலசரக்குக் கடை இருந்த இடத்துக்கு அடியில், மதுரை வரை செல்லும் ராஜ சுரங்கப்பாதை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இப்படி அறிவித்தவர் அருப்புக்கோட்டை வரலாற்று மீட்புப் பேரவையின் நிறுவனர், தலைவர், செயலாளர் ராஜகுரு. பேரவையில் வேறு ஆள் சேராததால் மூன்று பதவிகளையும் அவரே தாங்க வேண்டியிருந்தது. சுரங்கத்துக்குள் இன்னும் ஒரு எலிகூடப் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் பளிங்குக் கல்வெட்டு தயாராகி, சாக்கில் சுற்றி, ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டது. அதில் மதுரையைவிட ராஜகுருவின் பெயர் பெரிதாக இருந்தது.

உள்ளே இறங்கிப் பார்க்க வந்திருந்த காளீஸ்வரன் கல்வெட்டைப் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஊதுவத்திப் புகையை.

நல்லகண்ணுவின் அப்பா அந்தக் காலத்தில் அங்கிருந்த கிணற்றின் வாயைப் பலகைக்கல்லால் மூடித்தான் மேலே கடை கட்டினார். மூடும்போது ஒரு இரும்புக் குழாயை உள்ளே இறக்கி, நுனியை வெளியே விட்டார். கிணற்றை மூடினால் மூச்சுக்கு ஒரு குழாய் விட வேண்டும். இந்தப் பக்கம் யாரும் அதை மீறுவதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் குழாய்க்குத் தினமும் குங்குமமும் ஊதுவத்தியும் உண்டு. புகை எப்போதும் குழாய்க்குள் போகும். சின்ன வயதில் சீனி வாங்க வந்த நாளிலிருந்து காளீஸ்வரன் பார்த்திருக்கிறான்.

இப்போது கடையை இடித்தாயிற்று. இடித்ததில் பலகைக்கல்லும் உடைந்து கிணறு திறந்துகொண்டது. செங்கல் குப்பைக்கு நடுவே குழாய் மட்டும் நின்றது. புகை உள்ளே போனது. நின்றது. பிறகு வெளியே வந்து அவன் முகத்தில் பட்டது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. தூங்குகிறவனின் மூக்கருகே கை வைத்தால் தெரியுமே, அந்த வேகம்.

"மாமா, இதப் பாரு."

சோணைமுத்து அவனுடைய தாய்மாமன். கிணறு தூர்வாருவதில் இருபது வருஷக் கூட்டாளி. கிணற்று வாயில் மூன்று கம்புகளை முக்காலியாக நட்டு, கப்பியில் வடத்தைக் கோத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"வெயிலு மாப்ள. கிணத்துக் காத்து சூடேறி வெளிய வருது."

"உள்ளயும் போகுதே."

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன விஞ்ஞானியா? எறங்குறியா, நான் எறங்கவா?"

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. காளீஸ்வரன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

நல்லகண்ணு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ஒரு மணிக்குக் கான்கிரீட்டு போடணும். மிஷினு நிக்கிது, ஆளு நிக்கிது. ஒடைஞ்ச கல்லுக்குப் பதிலா வேற கல்லப் போட்டு மூடிருவேன். மதுரைக்குப் போறவுக அதுக்குள்ள போயிட்டு வந்துரணும்."

"வரலாறு உங்க கடிகாரத்தப் பாத்து நடக்காது" என்றார் ராஜகுரு.

"கொத்தனாரு பாத்து நடப்பாரு."

அந்த நேரத்தில்தான் அவன் மனைவி நாகஜோதி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். காளீஸ்வரன் செல்போனை அவளிடம் கொடுத்தான்.

"ரசம் ஆறிப்போகும். சீக்கிரம் வந்துருவீகல்ல?"

"வாரேன், வாரேன்."

விளக்கை ஏற்றி முதலில் இறக்கினார்கள். அணையவில்லை. காற்று நல்ல காற்றுதான். ஆனால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது.

நாற்பதடி. உடைந்த கல்லின் ஓட்டை வழியே இறங்க இறங்க, கான்கிரீட் மிஷினின் இரைச்சலும் டவுன் பஸ்ஸின் ஹாரனும் மேலேயே தங்கிவிட்டன. அரப்பும் பழைய வெல்லமும் சுண்ணாம்பும் கலந்த கடை வாசனைகூடப் பாதிவரை கூடவே வந்துவிட்டு நின்றுகொண்டது. அதற்குக் கீழே வேறொரு வாடை, நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய சாக்கின் வாடை, ஆனால் நெற்றி விளக்கின் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கல் வறண்டு, வெள்ளையாக, தொட்டால் பொடி உதிர்ந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை. எத்தனையோ வருஷமாக இல்லை.

அடியில் கால் வைத்தான். கிழக்கே, இடுப்பு உயரத்துக்கு ஒரு பொந்து. அதன் பக்கத்தில் மூச்சுக் குழாயின் கீழ்நுனி, சரியாக ஒரு ஆளின் வாய் உயரத்தில்.

குழாய் முழுவதும் துரு. நுனி மட்டும் பளபளவென்று இருந்தது. தேய்ந்து தேய்ந்து வந்த பளபளப்பு. விரலை வைத்தான். வெதுவெதுப்பு. ஈரம்.

"பொந்து இருக்கா?" மேலிருந்து ராஜகுரு.

"இருக்கு."

"அதான் சுரங்கம்! உள்ள போங்க! லைவ்ல இருபத்தாறு பேரு பாக்குறாங்க!"

கயிறு பொந்துவரைதான் எட்டியது.

"மாப்ள, முடிச்ச அவுக்காத!" சோணைமுத்துவின் குரல். "எட்டலேன்னா ஏறிரு!"

அவிழ்க்கக் கூடாது. மாமா முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஆனால் மேலே இருபத்தாறு பேர், நாகஜோதி, ஐந்து நிமிடம். பொந்து வெறும் பொந்து என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. முடிச்சை அவிழ்த்தான். குனிந்து நுழைந்தான். ஓரடி, ஈரடி.

இன்னொரு விதியும் உண்டு. கிணற்றுக்குள் இருப்பவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஏலே என்பார்கள், மாப்ள என்பார்கள், விசிலடிப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ராஜகுருவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நேரலைக்கு மரியாதை முக்கியம்.

"மாவீரர் காளீஸ்வரன் அவர்களே!" ஓட்டை வழியே குரல் உருண்டு வந்தது. "காளீஸ்வரன் அவர்களே, எங்கே இருக்கிறீர்கள்?"

"ஏய், பேரச் சொல்லாதய்யா!" என்று சோணைமுத்து கத்தியது கேட்டது.

காளீஸ்வரன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

"வாரேன்" என்றது குரல்.

அவன் குரல்தான். அவன் சொல்லவில்லை.

அது பின்னாலிருந்து வந்தது. கிணற்றடியிலிருந்து.

திரும்பினான். பொந்தின் வாய் குறுகலானது. முட்டி சிராய்த்தது. தலையை வெளியே நீட்டினான். கயிறு ஒன்று, இரண்டு, மூன்று முறை இழுபட்டது. மூன்று இழுப்பு என்றால் தூக்கு என்று அர்த்தம். சோணைமுத்து தூக்கினார். வடம் விறைத்தது. கப்பி முனகியது. பாரத்தோடு முனகியது.

நெற்றி விளக்கு மேலே திரும்பியது.

இரண்டு உள்ளங்கால்கள். வெளுத்து, ஊறி, சுருங்கியவை. வறண்ட கிணற்றில், பல வருஷம் தண்ணீரில் கிடந்த கால்கள். அவை மெல்ல உயர்ந்துகொண்டிருந்தன.

மாமா என்று கத்தினான். காற்று வந்தது. மறுபடி கத்தினான். காற்று.

குரல் இல்லை. அது மேலே போய்க்கொண்டிருந்தது.

கற்களைப் பிடித்து ஏறினான். பொடிந்தன. விழுந்தான். மேலே வெளிச்சம் ஒரு கணம் மறைந்தது. அந்த உடம்பு ஓட்டையைத் தாண்டியது. கைதட்டல்.

"வந்துவிட்டார்! வரலாறு படைத்துவிட்டார்!"

"மணி ஒண்ணாச்சு. கல்லப் போடுங்கப்பா."

கல் வந்தது. வெளிச்சம் வட்டமாக இருந்தது. பிறையாக ஆனது. கீறலானது. போனது. அதன் மேல் ஜல்லி சரியும் சத்தம்.

விழுந்ததில் விளக்கும் உடைந்திருந்தது. சுவரைத் தடவினான். குழாய். வெதுவெதுப்பான நுனி. வாயை வைத்தான். உதடு அங்கே சரியாகப் பொருந்தியது.

ஊதினான். இழுத்தான். ஊதினான்.

மேலே, நாற்பதடிக்கு அப்பால், ராஜகுரு பேசுவது குழாய் வழியே தெளிவாகக் கேட்டது. "அன்பர்களே, இந்தப் புகையைக் கவனியுங்கள்! மதுரைக் காற்று! மல்லிகை வாசம்கூட அடிக்கிறது!"

"மாப்ள, கயித்த ஏன் அவுத்து மறுபடி கட்டுன? இது உன் முடிச்சு இல்லையே?"

பிறகு நாகஜோதி, குழாய்க்கு மிக அருகில்.

"என்ன உங்க கை இப்பிடிக் குளுந்து கெடக்கு? ஊறிப் போயிருக்கு? உள்ள தண்ணி கெடக்கா?"

ஊதினான். ஊதினான். நுரையீரல் கிழியும்வரை.

"ஒண்ணுமில்ல" என்றது அவன் குரல். "வா. வீட்டுக்குப் போவோம். பசிக்குது."

தூக்கின் மூடி அசையும் ஓசை. அவளுடைய செருப்புச் சத்தம். அதன் பக்கத்தில், வெறுங்கால்கள், சளக், சளக்.

வெகுநேரம் கழித்து, மீதமிருந்த ஒரே நம்பிக்கையை நோக்கி, பொந்துக்குள் கையை முன்னால் நீட்டியபடி தவழ்ந்தான்.

மதுரைக்குப் போகும் ராஜ சுரங்கப்பாதை பதினோரு அடி நீளம் இருந்தது.